வடகோடியில் இரண்டு நாள்கள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விடுமுறையைப் பயனுறக் கழித்தல் என்னும் பொருள்பற்றி இளைஞர் ஒருவர் பேசுதல் வேண்டும் என்று மன்றச் செயலாளர் எம்மிடம் கேட்டபோது, இது பள்ளிப்பிள்ளைகள் கட்டுரைக் கொப்பியில் எழுதும் விடயம் அல்லவா என்று சற்றே தயங்கினோம். பின்னர், சென்ற தை மாதத்தில் எமது குடும்பத்தார் வடகோடியிலே கழித்த இரண்டு நாள்களை நினைத்துப் பார்த்தோம். அவ்விரண்டு நாள்களில் நாம் கண்டனவும் கேட்டனவும் பல ஆண்டுக் கல்வியிலே எமக்குக் கிட்டாதவை. ஆகவே அவற்றையே இங்கு கூற முன்வந்தோம். பெரியோர்கள் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டும். பிழை உளதாயின் திருத்தியருள வேண்டும்.

எமது ஊரவர்க்கு விடுமுறை என்றால் தெற்கு நோக்கிப் போதல் என்பதே பொருள். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் வான் பிடித்துப் போய் வருவோம். எமது தம்பி இம்முறை ஹோட்டன் சமவெளிக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்தப் பீடபூமியிலே மரைகள் மனிதருக்கு அஞ்சாமல் வந்து நிற்கும். அவற்றின் பக்கத்தில் நின்று வகுப்புத் தோழன் ஒருவன் எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் கண்ட நாள்முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. நாமும் அவன் பக்கமே நின்றோம். அப்பா இருவர் சொல்வதையும் கேட்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வடக்கிலை இருக்கிற நீங்கள் வடக்கை எப்ப பாத்தனீங்கள்?”

எமக்கு மறுமொழி வரவில்லை. மருதனார்மடத்துச் சந்தையும், காங்கேசன்துறை வீதியும், சுன்னாகமும், பட்டணமும் எமக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாவும் கீரிமலையும் தெரியும். அதற்கப்பால் எமது குடாநாட்டின் கிழக்குக் கரையில் என்ன இருக்கின்றது, எந்த உயிர் அங்கே வாழ்கின்றது என்று எவரேனும் கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியதுதான். மிஷன் பள்ளிக்கூடத்திலே நைற்றிங்கேல் என்னும் பறவையைப் பற்றிய ஆங்கிலக் கவிதைக்கு நயம் எழுதி நல்ல புள்ளி பெற்றோம். அப்பறவையின் குரலை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. எமது வீட்டிற்குப் பன்னிரண்டு மைலுக்குள் உள்ள வல்லை வெளியில் நிற்கும் பறவை எது என்று கேட்டால், “கொக்கு” என்ற ஒரு சொல்லுக்குமேல் எம்மிடம் சொல் இல்லை. இதனைப் பள்ளிமீது குறை கூறுவதற்காகச் சொல்கின்றோம் அல்லோம். அங்கே கற்ற ஆங்கிலமே, ஜி. எம். ஹென்றி என்பார் எழுதி 1955 இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய நூலைப் பின்னர் வாசிக்க எமக்கு உதவிற்று. குறை எமது கண்ணில் இருந்தது. பார்க்க வேண்டிய திசையைப் பாராதிருந்தோம்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு, ஆஞ்சநேயர் கோயில் வாயிலிலே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அப்பா, அம்மா, தம்பி, நாம் என்று நால்வரும் வானில் ஏறினோம். அம்மா கட்டிய சோற்றுப் பொதிகள் நான்கு, தண்ணீர்ப் போத்தல்கள், இரவல் வாங்கிய ஒரு தொலைநோக்கி, ஹென்றியின் நூல் ஆகியவையே எமது சாமான்கள்.

சுன்னாகம், புத்தூர் வழியாக வல்லைப் பாலத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். வல்லை வெளியிற் காற்று எக்காலமும் ஓயாது. சிறுபிள்ளைகளாக இருந்தபோது அங்கே பேய் உலாவும் என்று எம்மைப் பயமுறுத்துவார்கள். அன்று நாம் கண்டது பேயன்று. முழந்தாளளவு நீரில், செந்நிறக் கால்கள் நீண்ட வெள்ளையும் கறுப்புமான பறவைகள் நூற்றுக்கணக்கில் இரை தேடிக்கொண்டிருந்தன. ஹென்றியின் நூலைப் புரட்டி, அது நெடுங்கால் உள்ளான் என்று கண்டுகொண்டோம். கரையில் நின்ற ஆட்காட்டி ஒன்று எம்மைக் கண்டதும் ஊரையே எழுப்புவதுபோலக் கத்திற்று. அதன் பெயர் மட்டும் தம்பிக்கும் தெரிந்திருந்தது. பாலர் வகுப்பில் அதன் பாட்டைப் பாடியிருக்கின்றான். பறவையைக் கண்டது அன்றுதான்.

பருத்தித்துறையில் வானை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். இலங்கைத் தீவின் வடகோடி அந்தக் கரைதான். அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் தமிழகத்துக் கோடிக்கரை. அங்கிருந்து தென்கிழக்காகக் கற்கோவளம் ஊடாக வல்லிபுரத்து ஆழ்வார் கோயிலை அடைந்து வணங்கி, மணலிலே கால் புதையப் புதைய மணற்காட்டை நோக்கி நடந்தோம். நடையிலே பழக்கமில்லாத தம்பி முதல் மணித்தியாலத்தில் முறையிட்டான். இரண்டாவது மணித்தியாலத்தில் மௌனமானான். மூன்றாவதில் எமக்கு முன்னே ஓடினான்.

மணற்காட்டின் மணற்குன்றுகளை நேரிற் கண்டிராதவர்கள் அவசியம் காணுதல் வேண்டும். வீட்டுக் கூரைக்கு மேலாக எழுந்து நிற்கும் அக்குன்றுகளைக் காற்றே கட்டியது, காற்றே நகர்த்துவது. பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்று மணலிற் புதைந்து, இடிந்த சுவர்கள் மட்டும் வெளியே தெரிய நிற்கின்றது. காலை வேளையில் அந்த மணல் ஒரு திறந்த கொப்பி போல இருந்தது. இரவிலே யார் யார் போனார்கள் என்பதெல்லாம் அதில் எழுதிக் கிடந்தது. அம்மா வடமராட்சிப் பெண். அவர்தான் அதை எமக்கு வாசித்துக் காட்டினார். பின்னங்கால் இரண்டும் முன்னே விழுந்த சுவடு முயலுடையது. நாயின் அடிபோன்று சிறுத்து, நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் போன சுவடு நரியுடையது. வால் இழுபட்ட கோட்டின் இருமருங்கும் நகம் பதிந்தது உடும்பு. அடுப்படியிலும் அலுவலகத்திலும் மட்டுமே நாம் கண்ட அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதை அன்றுவரை நாம் அறிந்திருக்கவில்லை; கேட்டதுமில்லை.

அக்குன்றுகளின் ஓரத்திலே, மணல் வெட்டி ஏற்றப்பட்ட பெரிய பள்ளங்களையும் கண்டோம். மணற்குன்று வெறும் மணல் அன்று. மழைநீரை உறிஞ்சித் தன் அடியிலே நன்னீராய்ச் சேர்த்து வைப்பது அது. கடல் பொங்கினால் முன்னின்று தாங்குவதும் அதுவே. அதனை அள்ளிக் கொண்டுபோய் வீடு கட்டுகின்றவர், ஊரின் மதிலை இடித்துத் தன் மதிலைக் கட்டுகின்றவர் ஆகின்றார்.

அன்றிரவு நெல்லியடியிலே மாமா வீட்டில் தங்கினோம். மறுநாட் காலை மாமாவின் வண்டியில் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே சென்றோம். நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி என்று ஊர்கள் கழிந்தன. உடுத்துறையில் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் கடல்கோளில் மாண்டவர்களின் நினைவாலயத்தின் முன் இறங்கிச் சற்று நேரம் நின்றோம். தம்பி அங்கே பொறித்திருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு போனான். ஒரே குடும்பப் பெயர்கள் வரிசையாக வந்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டான். எவரும் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு கடந்து சுண்டிக்குளத்தை அடைந்தபோது மணி எட்டு இருக்கும்.

சுண்டிக்குளம் என்பது ஒருபுறம் வங்கக்கடலும் மறுபுறம் கடல்நீரேரியுமாக, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். வன்னியிலே மழை பெய்தால் கனகராயன் ஆறு முதலிய ஆறுகளின் நீர் ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள இந்நீரேரியில் வந்து விழும். நீர் மிகும்போது சுண்டிக்குளத்தின் வழியாகக் கடலோடு கலக்கும். கோடையிலே வற்றி உப்புப் பூக்கும். நன்னீரும் உவர்நீரும் மாறி மாறி ஆளும் இச்சேற்று நிலத்தில் சிற்றிறாலும் புழுவும் பாசியும் அளவின்றிப் பெருகுகின்றன. அந்த உணவை நம்பியே பறவைகள் வருகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியிலே 1938 ஆம் ஆண்டு இவ்விடம் பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. நெடுந்தீவின் குதிரை வெளியும் அதே ஆண்டிலேதான் அந்நிலையைப் பெற்றது.

அப்பா முதலிலேயே ஒரு கட்டளை இட்டார். மாடு போன தடத்திலும் மனிதர் போன தடத்திலும் மட்டுமே நடக்க வேண்டும். புதரை விலக்கிக்கொண்டு எங்கும் போகக்கூடாது. காரணம் கேட்க வேண்டிய தேவை எமக்கு இருக்கவில்லை. முகமாலைப் பக்கத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். வேறு நாட்டுப் பிள்ளைகள் காட்டு நடையிலே பாம்புக்கு அஞ்சுவார்கள். எமது பிள்ளைகள் மண்ணுக்கே அஞ்சப் பழகியவர்கள்.

கண்டல் மரங்களைத் தாண்டி, உமரி சிவந்து படர்ந்த சேற்றங்கரைக்கு வந்தபோது தம்பிதான் முதலிற் கண்டான். நீரின்மேல் தூரத்திலே இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. வானத்து வெளிச்சம் என்று நினைத்தோம். தொலைநோக்கியை வைத்துப் பார்த்தபோது அந்தக் கோடு அசைந்தது. பூநாரைகள்! நாலைந்து நூறு இருக்கலாம். நெடுங்கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சொண்டினால் சேற்றை அரித்து அரித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் நிறம் பிறப்பிலே வருவதன்று. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. உவர்நீரிலுள்ள பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருளே உண்ண உண்ண அவற்றின் சிறகிலே ஊறுகின்றது. சுருங்கச் சொன்னால், பூநாரையின் அழகு அது உண்ணும் சேற்றின் அழகு.

தம்பி மகிழ்ச்சி தாங்காமல் கைகொட்டிக் கூவிக்கொண்டு நீரை நோக்கி ஓடினான். ஒரு நொடியிலே அந்தக் கோடு உடைந்தது. முன்னும் பின்னும் இரண்டு எட்டு ஓடி, கறுப்பும் சிவப்புமான சிறகுகளை விரித்து, எல்லாம் எழுந்து வானத்தில் வளைந்து அக்கரைக்குப் போய்விட்டன. பார்ப்பதற்கு அஃது ஓர் அற்புதக் காட்சிதான். நாமும் வாய்பிளந்து நின்றோம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அதுகள் சாப்பிட வந்ததுகள், தம்பி. நீ கலைச்சால் பசியோடை எழும்பித்தான் போகுங்கள்.”

தோளிலே வலையும் கையிலே பறியுமாக ஒரு முதியவர் நின்றார். எழுபத்தைந்து வயது மதிக்கலாம். அந்த நீரேரியில் இறால் பிடித்து வாழ்பவர். அதட்டவில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கோப்பையைத் தட்டிவிட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தம்பி வெட்கித்து அம்மாவின் பின்னே ஒதுங்கினான். அப்பா முன்சென்று, “மன்னிக்க வேணும் ஐயா, பிள்ளைக்குத் தெரியாது” என்றார். முதியவர் சிரித்துவிட்டு, “தெரியாட்டிச் சொல்லிக் குடுக்கத்தானே நாங்கள் இருக்கிறம்” என்று கூறி, வலையை இறக்கிவைத்துவிட்டு எம்மோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார்.

பெரியோர்களே, பட்டப்படிப்புப் படிக்கும் எமக்கு அன்று அந்த உமரித் தரையிலே ஒரு வகுப்பு நடந்தது. ஆசிரியர் எழுத்தறிவு மிகுந்தவர் அல்லர். ஆனால் அவருக்குத் தெரியாத சிறகு அங்கே இல்லை. இது கூழைக்கடா, கூட்டமாக வந்தால் அங்கே மீன் திரண்டிருக்கின்றது என்று பொருள். இது கரண்டிச் சொண்டு. நீரை இடமும் வலமும் துழாவித் தின்னும். இது நாரை; தனியே நிற்கும். இவை தாரா, பனி தொடங்கும்போது வரும், வெயில் ஏறும்போது போகும். ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லிக் காட்டக் காட்ட, நாம் ஹென்றியின் நூலைப் புரட்டி ஆங்கிலப் பெயரைத் தேடினோம். நூல் பிந்திற்று, முதியவர் முந்தினார்.

சேற்றின் ஓரத்திலே சிட்டுக்குருவி அளவேயான சிறு பறவைகள் தையல் இயந்திரத்து ஊசிபோல இடைவிடாது கொத்திக்கொண்டு ஓடின. “உது உள்ளான். எங்கையிருந்து வருகுதோ தெரியாது, வரியம் தவறாமல் வரும்” என்றார். எங்கிருந்து வருகின்றது என்ற அந்த ஒன்றை மட்டும் நூலைப் பார்த்து நாம் அவருக்குச் சொல்ல முடிந்தது. கொசு உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் உலகத்தின் வடமுனைக்கு அண்மையில், மரமே வளராத உறைபனி நிலத்திலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. அங்கே பனி மூடும்போது இமயத்தையும் பாலைவனங்களையும் கடந்து எம்மிடம் வருகின்றன. கொசு உள்ளானின் நிறை ஒரு தேசிக்காயின் நிறைகூட இல்லை; முப்பது கிராமுக்கு உட்பட்டது. 2021 ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகிலே சிறு கருவியைப் பொருத்தி, மேகா என்று பெயரிட்டு விட்டார்கள். அது ருசியாவின் வடமுனையிலுள்ள யமால் தீபகற்பம் வரை போனதைச் செய்மதி காட்டிற்று. நேர்க்கோட்டில் அளந்தாலும் 6,500 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் அது.

இதைக் கேட்ட முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “அப்ப எங்கடை வடக்கு அதுகளுக்குத் தெற்கு” என்றார்.

எவ்வளவு உண்மை! நாம் விடுமுறைக்குத் தெற்கே போகத் துடிக்கின்றோம். உலகத்தின் மெய்யான வடகோடியிலிருந்து அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் விடுமுறைக்கு எமது முற்றத்துக்கு வருகின்றன. அவை தேடிவரும் இடத்தை நாம் ஒரு நாளேனும் தேடிப் போனதில்லை.

மதியம் சோற்றுப் பொதியை முதியவரோடு பகிர்ந்து உண்டோம். உண்டபின் அப்பா நீரேரியின் மேற்குத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனையிறவுக்கு மேற்கே அதே கடல்நீரேரித் தொடரிலே கிளாலி உள்ளது. 1990 களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலியிலிருந்து இரவோடிரவாகப் படகேறி அக்கரைக்குப் போனார்கள். பலர் கரை சேரவில்லை. அப்பா தமது இருபத்தோராவது வயதில் அவ்வழி சென்றவர் என்பது எமக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் எம்மிடம் பேசியதில்லை. அன்று, எவரும் கேளாமலே, தம்பியின் தலையிற் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“நாங்கள் போன படகுக்குப் பக்கத்திலை இப்பிடித்தான் ஒரு கூட்டம் இருந்தது. இருட்டிலை தெரியேல்லை. ஒரு வெடிச் சத்தம் கேட்டுது. எல்லாம் ஒரேயடியாக எழும்பிச்சுதுகள். சிறகுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. என்ன பறவை எண்டு பாக்கிறதுக்கு எனக்கு முப்பது வரியம் எடுத்திருக்கு.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதியவர், “அதுகளும் எங்களைப்போலத்தான் தம்பி. சத்தத்துக்கு எழும்பும், சத்தம் அடங்கினால் திரும்பி வரும்” என்றார். அதன்பின் தம்பி அன்று மாலைவரை உரக்கப் பேசவில்லை. அவன் அடக்கத்தைக் கண்டோ என்னவோ, மூன்று மணியளவில் பூநாரைகள் சிறிது சிறிதாக இக்கரைக்குத் திரும்பின. நாம் மண்ணிலே குந்தியிருந்து, அவை உண்பதை அசையாமல் பார்த்தோம்.

அன்பர்களே, இனிச் சற்றே கசப்பான ஒரு விடயத்தையும் சொல்லுதல் வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளராய் விளங்கிய சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954 ஆம் ஆண்டிலே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை வகுத்தார். ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள இந்நீரேரிக்குக் கடல்நீர் புகாமல் சுண்டிக்குளத்தில் அணை கட்டி, வன்னி ஆறுகளின் நீரால் அதனை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் அப்பால் உப்பாற்றுக்கும் கொண்டுசெல்லுதல் என்பது அதன் சாரம். 1960 களில் வேலைகள் நடந்தன. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. திட்டம் முற்றுப்பெறவில்லை. அணைக்கு மண் ஏற்றி லொறிகள் வந்ததைச் சிறுவனாய் நின்று பார்த்ததாக முதியவர் சொன்னார். அத்திட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்ற குரல் இன்றும் ஒலிக்கின்றது.

அக்குரலை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆறில்லாத நாடு எமது நாடு. வலிகாமத்தின் சுண்ணாம்புக்கற் படையிலே தங்கும் மழைநீரே எமது கிணறுகளின் ஒரே முதல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். உரமும் மலக்குழி நீரும் அதிலே கசிகின்றன. 2014 ஆம் ஆண்டளவில் எமது அயலிலுள்ள சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது தெரியவந்தபோது, பவுசர் வண்டியின் பின்னே வாளியோடு வரிசையில் நின்றவர்கள் இச்சபையிலும் இருக்கின்றார்கள். ஆகவே, பறவைக்காக மனிதர் தாகத்தோடு இருக்கட்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் உவர்நீர் முழுவதும் நன்னீரானால் பூநாரையின் உணவு அங்கே விளையாது, இறாலும் விளையாது, அந்த முதியவரின் வலையும் காயும். எத்தனை ஏக்கர் வயலுக்கு நீர் பாயும் என்று கணக்கெடுப்போர், எத்தனை உயிர் எந்த மாதத்தில் அங்கே உண்கின்றது என்பதையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். எந்நேரம் எவ்வளவு நீரைத் தேக்குவது, எப்பகுதியை உவராகவே விடுவது என்பதெல்லாம் அறிஞர் ஆராய வேண்டியவை. எண்ணாமல் விடப்பட்டவை இல்லாதவையாகவே கருதப்படும் என்பதற்கு எமது இனத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

சைவப் பிள்ளைகளாகிய எமக்கு இது புதிய தத்துவமும் அன்று. முருகனுக்கு மயிலும் திருமாலுக்குக் கருடனும் ஊர்தி என்று கும்பிடுகின்றோம். விரத நாள்களில் அம்மா முதற்பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டே எமக்குப் பரிமாறுவார். காகம் வராவிட்டால் கூப்பிட்டுக் காத்திருப்பார். அந்த வழக்கத்தின் பொருள் எமக்கு விளங்கியது சுண்டிக்குளத்திலேதான். உண்ண வந்த உயிரை ஓட்டாதிருத்தலே அதன் பொருள். உயிரிரக்கம் என்பது புராணப் படிப்போடு முடிந்து, பொலித்தீன் பையை நீரேரியில் எறியும் கையிலே இல்லாமற் போனால், நாம் கும்பிடும் கும்பிடு எங்கே போய்ச் சேரும்? நாம் புறப்படுமுன் அம்மா எமது இலைகளையும் தாள்களையும் மட்டுமன்றி, முன்னே வந்தோர் விட்டுப்போனவற்றையும் பொறுக்கி இரண்டு பைகளில் நிறைத்தார். அவ்விரண்டு பைகளும் எமது மடியிலேதான் மருதனார்மடம் வந்து சேர்ந்தன.

இம்மன்றத்து இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து எமது உரையை நிறைவு செய்கின்றோம்.

முதலாவது, அடுத்த தையிலே மன்றத்தின் சார்பில் ஒரு நாள் நடை ஒழுங்கு செய்வோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1987 ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் சனவரியிலே பல நாடுகளில் தன்னார்வலர்களால் நடத்தப்படுகின்றது. வல்லை வெளியிலோ சுண்டிக்குளத்திலோ நாமும் நின்று எண்ணி, எமது எண்ணையும் அந்தக் கணக்கிலே சேர்ப்போம். ஒரு தொலைநோக்கி, ஒரு கொப்பி, வாய்மூடி இருக்கும் பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

இரண்டாவது, எமது வீட்டுப் பெரியோரிடமும், கடற்கரைப் பெரியோரிடமும் சென்று, பறவைக்கும் செடிக்கும் மீனுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். அடுத்த மலரிலே அவற்றை வெளியிடுவோம். சுண்டிக்குளத்து முதியவருக்குப்பின் அப்பெயர்களைச் சொல்ல யார் இருக்கின்றார்கள்? அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எம்மிலும் பலர் நாளை போகக்கூடும். போவது குற்றமன்று, பறவைகளும் போகின்றன. ஆனால் அவை தாம் உண்ட இடத்தை அறிந்து போகின்றன. அறிந்தபடியாலேயே திரும்பி வருகின்றன. அறியாமற் போகின்றவன் எவ்விடத்துக்குத் திரும்புவான்?

மூன்றாவது வேண்டுகோள் பெரியோர்களுக்கு. நீங்கள் கடந்து வந்த வழிகளை எமக்குச் சொல்லுங்கள். நாம் கேளாமல் இருப்பது விருப்பமின்மையால் அன்று. கேட்டால் நோகுமோ என்ற அச்சத்தினால். எம்மை ஒருநாள் அவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டு விறாந்தையிலே முப்பது ஆண்டுகள் சொல்ல முடியாததை அப்பா அந்த நீர்க்கரையிலே இரண்டு நிமிடத்தில் சொன்னார்.

தம்பி ஹோட்டன் சமவெளியை மறந்துவிட்டானோ என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அங்கும் போக வேண்டும் என்றுதான் சொல்கின்றான். ஆனால் மரையின் பக்கத்தில் நின்று படம் எடுக்கப் போவதில்லையாம். அதுவும் சாப்பிட வந்திருக்கும் என்கின்றான்.